குரல் பதினொன்றரைக்கு வரும்

பைபாஸுக்கு இந்தப் பக்கம் பனியன் கம்பெனியும் அந்தப் பக்கம் கோழிப்பண்ணைக் காலனியுமாக இருந்த ஊரில், வைகாசி பிறந்து சில நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்த பெண்கள் தங்கள் குரலைக் கம்பெனிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்கள். கேட்டில் இருக்கும் மெஷினில் விரலை வைத்து அழுத்தினார்கள், பச்சை விளக்கு எரிந்தது, செருப்பை மாட்டினார்கள், டீக்கடையில் நின்று பிள்ளைகளுக்கு முறுக்குக் கேட்க வாயைத் திறந்தார்கள், வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், விரலால் காட்டி முறுக்கு வாங்கிக்கொண்டார்கள், ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். சோறாக்க வேண்டுமே.

குரல்கள் உள்ளே இருந்தன. விளக்கணைத்துப் பூட்டிய தையல் ஹாலில் ஓவர்லாக் மெஷின்கள் துணி போர்த்திக் கிடக்க, ஸ்டூல்கள் எல்லாம் காலியாகக் கிடக்க, ஹால் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரைத் திட்டுகிற பேச்சும், சூப்பர்வைசரைப் போல மூக்கால் பேசிக் காட்டுகிற பேச்சும், அதற்குச் சிரிக்கிற சிரிப்புமாக, பகலில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய பெண்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக நிதானமாகப் பேசக் கிடைத்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை மணிக்குப் பேச்சு சட்டென்று நின்றது. அதே நேரத்தில் காலனியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒருமுறை இருமிவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள்.

"ஏனுங்க ரங்கசாமியண்ணா, நைட்டுல உள்ள சத்தம் கேட்டுதாமா?" என்று மறுநாள் காலையில் மேனேஜர் சண்முகவடிவேல் வாட்ச்மேனைக் கேட்டார்.

"கேட்டுதுங்க. நம்ம புள்ளைங்க சத்தம்தானுங்களே, அதான் பேசாம இருந்துட்டனுங்க," என்றார் ரங்கசாமி.

காரணத்தைத் தேடி யாரும் கோயிலுக்குப் போகவில்லை. கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சுபத்ரா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள், ஏனென்றால் அது அவள் செய்த காரியம். ஆட்கள் வந்து போகிற நேரத்தைக் குறித்து வைக்கும் சர்வர் எந்தக் கடலுக்கு அப்பாலோ இருந்தது. அதற்குள் ஓடுகிற நேரம் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் வருவது. எழுதி வைக்கும்போது ஐந்தரையைக் கழிக்க வேண்டும், எடுத்துக் காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. உள்ளே வரும் நேரத்தை எழுதும் நிரலை அவளுக்கு முன்பிருந்தவன் எழுதினான், அவன் கழித்தான். வெளியே போகும் நேரத்தை எழுதும் நிரலை சுபத்ரா புதிதாக எழுதி அந்தத் திங்கட்கிழமைதான் போட்டாள், அவள் கழிக்கவில்லை. அவளுடைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் வந்தது, அந்த லேப்டாப்பும் இந்த ஊர்க் கடிகாரம்தானே. ஆக, ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் பதினொன்றரைக்குக் கிளம்பியதாகப் பதிவானது. பீஸ் கணக்கில் சம்பளம் வாங்கும் ஊரில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பதினொன்றரைக்குத்தான் போனார்கள் என்று எழுதியிருக்கும்போது அதுவரைக்கும் அவர்களில் ஏதோ ஒன்று உள்ளே இருந்துதானே ஆக வேண்டும், குரல் இருந்துகொண்டது.

ஆபீஸ் ஆட்கள் விரல் வைக்கும் வழக்கமில்லை. அதனால் சுபத்ரா மட்டும் தன் குரலோடு வீட்டுக்குப் போனாள்.

ஊர் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும்? முதல் வாரம் டாக்டரிடம் போனார்கள், இரண்டாம் வாரம் கைஜாடை படித்தார்கள், மூன்றாம் வாரம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து கம்பெனிச் சுவருக்கு வந்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். "அம்மோவ், இந்தக் கணக்க எப்படிப் போடறது?" என்று கத்தினால், உள்ளேயிருந்து அவனவன் அம்மா குரல் வந்து சொல்லிக்கொடுத்தது. வீட்டிலோ அதே அம்மா அடுப்படியில் பேசாமல் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒரு சுண்டல் வண்டி வந்தது. புருஷன்மார்கள் முதலில் நிம்மதி என்று சொல்லிச் சிரித்தார்கள், பிறகு வீட்டின் அமைதி தாங்காமல் அவர்களும் சுண்டல் வாங்கும் சாக்கில் வந்து நின்றார்கள்.

பெண்களுக்கு அது பிடித்துப்போனதுதான் யாரும் எதிர்பார்க்காதது. பதினொன்றரைக்குக் குரல் திரும்பி வரும்போது அன்று மாலை பேசிய பேச்செல்லாம் வாயில் இனிப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார்கள். வீட்டில் மாமியார் கேட்கிற எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் துளை தைக்கும் காஜா மெஷினில் இருக்கும் பூங்கோதை நேரே ஆபீஸ் ரூமுக்கே வந்துவிட்டாள்.

"அம்மிணி சுபத்ரா, நீ பாட்டுக்கு அதச் சரி பண்ணிப் போடாத. பொழுதோட எங்களுக்குன்னு ஒரு நேரம் கெடச்சிருக்குது. இருக்கட்டும் விடு."

ஒருத்திக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவள் சுபத்ராவின் அக்கா தெய்வானை. ஓவர்லாக் டைலர், அவள் சொல்லித்தான் சுபத்ராவுக்கு அந்தக் கம்பெனியில் வேலையே கிடைத்தது. புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான், வரவில்லை. அக்காவும் தங்கையும் அக்காவின் ஒன்பது வயது மகள் வர்ஷாவும் ஒரே லைன் வீட்டில் இருந்தார்கள். வர்ஷா அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள். இப்போது அம்மா பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டிக் கொடுத்தாலும் தூக்கம் வராமல் கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தாள்.

"சரி பண்ணிரு சாமி," என்று ஒருநாள் காலையில், குரல் இருக்கும் நேரத்தில், தெய்வானை சொன்னாள். "புள்ளைக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியல. மத்தவிய ஆயிரம் சொல்லுவாங்க. நீ என்ற தங்கச்சியா, அவியளுக்குத் தங்கச்சியா?"

"பண்ணிர்றன்க்கா. இந்த ஷிப்மெண்ட் போகட்டும், அடுத்த வாரம் பண்ணிர்றன்."

ஒரு வரியை மாற்றுகிற வேலை. ஆனால் தப்பைத் திருத்தினால் தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், பூங்கோதையின் முகத்தைப் பார்க்க வேண்டும், பழைய பதிவுகளை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். சுபத்ரா சோம்பேறி இல்லை, பயந்தாங்கொள்ளி. அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமானது, வைகாசி போய் ஆடி வந்தது.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு மாலையில், வர்ஷாவுக்கு உடம்பு சுடுகிறது என்று தெரிந்து, தெய்வானை முந்தானையைத் தலையோடு முகத்தை மறைத்துப் போர்த்திக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பைபாஸின் நடுவுக்குப் போய்விட்டாள். நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பக்க ரோட்டிலிருந்து திரும்பியது. பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பூங்கோதை பார்த்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள், ஒரு சத்தமும் வரவில்லை. கையைத் தட்டினார்கள், அதைக் காற்று கொண்டுபோனது. அந்த நேரத்தில் ஹாலுக்குள் அவர்களுடைய குரல்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் ரங்கசாமி பிறகு சொன்னார். தெய்வானையின் குரலும் அதில் இருந்தது.

ஈமக் கிரியை முடிந்த கையோடு சுபத்ரா போய் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். மறுநாள் மாலை பெண்கள் தங்கள் குரலோடு வெளியே வந்தார்கள், ஆனால் கேட்டைத் தாண்டி காலனி வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. "நாங்கதான் இருக்கட்டும்னு சொன்னோம்," என்று பூங்கோதை அழுதாள். எல்லாரும் சுபத்ராவுக்கு ஆறுதல் சொன்னார்கள், எல்லாரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். "அந்த வேகத்துக்குக் கத்தியிருந்தாலும் நின்னிருக்காது கண்ணு." ஆபீஸிலும், தெருக்குழாயிலும், ரேஷன் கடையிலும் சொன்னார்கள். சுபத்ரா அதைப் பிடித்துக்கொண்டாள். கத்தியிருந்தாலும் நின்றிருக்காது என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள், அதையே சொல்லிக்கொண்டு வர்ஷாவுக்குத் தலை பின்னினாள், அதைச் சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

தெய்வானையின் குரல் மட்டும் ஹாலில் இருந்தது. அன்று பதினொன்றரைக்கு மற்ற குரல்கள் கிளம்பியபோது அதற்குப் போய்ச் சேரத் தொண்டை இல்லை, ஆகவே இருந்துவிட்டது. அது தன் ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குத் தான் செத்தது தெரியாது. அது அந்த ஆடி மாத நாளின் ஆறு மணி அடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, மணி என்னாச்சுங்க? இன்னிக்கு நேரமே போகமாட்டீங்குதே," என்று அது கேட்கும்.

"சித்த நேரந்தான் தெய்வான. ஆயிரும்," என்று பக்கத்து மெஷின்காரி சொல்லுவாள்.

இதற்கும் பழகினார்கள். அவள் மெஷினில் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்தபோது, "நூல இழுத்து உடாத அம்மிணி, தானா வரும்," என்று குரல் தொழில் சொல்லிக்கொடுத்தது, அந்தப் பெண்ணும் "சரிங்கக்கா" என்று கேட்டுக்கொண்டாள். குரலுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டது. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தார்கள். வாய் இல்லாத குரல் எப்படிக் குடிக்கும்? தண்ணீர் அப்படியே இருந்தது, குரல் மறுபடியும் கேட்டது, அவர்கள் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் வர்ஷா நேராகச் சுவருக்கு வந்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள், சுண்டல் வண்டியும் போய்விட்டது, அவள் ஒருத்திதான் ஜன்னலுக்குக் கீழே. பிறகு பள்ளிக்கூடம் விடாமலே வர ஆரம்பித்தாள். டீச்சர் சொல்லி அனுப்பியதும் சுபத்ரா தேடிக்கொண்டு போய்ச் சுவர்மூலையில் நின்றாள்.

"ஏங்கண்ணு இங்க வந்தே? நாந்தான் வந்துருவேனல்ல?" என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"சும்மாதாம்மா."

"காச்சல் உட்டுதா?"

"உட்டுருச்சும்மா."

"மணி ஆறு ஆச்சா பாரு கண்ணு. எனக்குக் காலெல்லாம் வலிக்குது."

வர்ஷா தலைக்கு மேலே பார்த்தாள். தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"இன்னும் ஆகலம்மா," என்றாள்.

சுபத்ரா பதிவில் எழுதிய பொய்யை இப்போது அந்தக் குழந்தை தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றைய பதிவை ஆறு மணி என்று திருத்திவிட்டால் குரல் ஆறு மணிக்கே கிளம்பிவிடும், அப்போது அக்காவுக்கு உடம்பு இருந்தது, அதோடு போய்ச் சேர்ந்துவிடும். சுபத்ராவுக்கு இது முதல் நாளே தெரியும். வீட்டில் வைத்து அதைச் சொன்னபோது வர்ஷா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நீ அதத் தொட்டீன்னா நான் உங்கூடப் பேசவே மாட்டேன் சித்தி. அம்மா அங்கயாச்சும் இருக்கட்டும்."

சுபத்ரா தொடவில்லை. ஐப்பசியும் போனது. கார்த்திகையில் மேனேஜர் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்வையிட வருகிறார்களாம்.

"வேலை நேரம் முடிஞ்சும் ஒரு லேடீஸ் உள்ள இருக்குதுன்னு எழுதிட்டுப் போயிருவானுங்கம்மா. அந்தம்மா மேல எனக்கென்ன கோவமா? அந்த வரியையே அழிச்சுப் போடு, முடிஞ்சுது."

"அழிச்சா அக்கா அன்னிக்கு வெளிய போகவேயில்லைன்னு ஆயிரும் சார்."

சண்முகவடிவேல் நல்ல மனுஷன்தான், ஆனாலும் மேனேஜர். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "அப்ப வேற ஏதாச்சும் பண்ணு. அவங்க வர்றதுக்குள்ள பண்ணு," என்றார்.

அன்று சாயங்காலம் வர்ஷா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். புத்தகப் பையைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள்.

"சித்தி, அம்மா அழுகுது."

சுபத்ரா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சூரத்துக்காரன் வரமாட்டான் என்று தெரிந்த நாளிலும் அழாதவள் அவள் அக்கா.

"தண்ணி கேட்டுக் கேட்டு அழுகுது. என்ன உட்டுருங்க, ஊட்டுல புள்ள இருக்குதுன்னு எல்லாத்துகிட்டயும் கெஞ்சுது. நான் இங்கதாம்மா இருக்கறேன்னு சொன்னேன், அதுக்கு நான்னு தெரியல சித்தி. யாரு பாப்பா நீயின்னு கேக்குது." வர்ஷா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அனுப்பிரு."

மறுநாள் ஆறு மணிக்குச் சற்று முன்னால் சுபத்ரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹால் ஜன்னலுக்குக் கீழே வர்ஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை, விரல் வைத்துவிட்டு வந்த பெண்கள் சுவரோரம் நின்றார்கள், பூங்கோதை முன்னால் நின்றாள். ஒருத்தியுடைய நேரத்தை மட்டும் திருத்தினால் அன்றைய கணக்கு கோணலாக நிற்கும் என்று சுபத்ராவின் படிப்பு சொன்னது. அதனால் அந்த ஆடி மாத நாளில் வெளியே போன எல்லாருடைய நேரத்திலிருந்தும் ஐந்தரை மணியைக் கழிக்கும்படி எழுதினாள். எழுதிவிட்டு வர்ஷாவைப் பார்த்தாள். வர்ஷா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, மணி ஆறாயிருச்சு," என்றாள்.

சுபத்ரா பட்டனை அழுத்தினாள்.

"அப்பாடி!" என்றது குரல். "என்ன நாளுங்க இது, இத்தனை நீளம்! நான் முன்னால போறனுங்க, புள்ளைக்கு உடம்பு சுடுது." ஹாலிலிருந்து கேட்டுக்கு வந்தது. ரங்கசாமி தொப்பியைக் கழற்றிவிட்டு, "போயிட்டு வா கண்ணு," என்றார். "வாரனுங்கண்ணா," என்றது. டீக்கடையைத் தாண்டும்போது முணுமுணுத்துக்கொண்டே போனது. ரசம் வைக்கணும், மாத்திரை இருக்குதான்னு பாக்கணும், இந்தச் சுபத்ரா வந்துட்டாளோ என்னமோ. பெண்கள் எல்லாரும் அதன் பின்னால் நடந்தார்கள், சுபத்ரா வர்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குரல் வேகமாகப் போனது, அவர்களுக்கு நன்றாக முன்னால் போனது, பைபாஸில் இறங்கியது.

பக்க ரோட்டிலிருந்து ஒரு லாரி திரும்பியது. அந்த லாரி இல்லை, வேறொன்று. நூல் மூட்டை ஏற்றியது, அதே வேகம். ரோட்டில் யாரும் இல்லை, வெறும் குரல்தான் இருந்தது. ஆனாலும் பெண்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். அப்புறம் அவர்களைக் கேட்காமலே அவர்கள் வாய் திறந்தது. ஆடி மாதத்திலிருந்து வராமல் இருந்த சத்தம், அத்தனை பேர் தொண்டையிலிருந்தும் ஒன்றாக வந்தது.

"தெய்வானே!"

மின்கம்பியில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்தன. டீக்கடையில் கிளாஸ் விழுந்தது. லாரி டயர் தேய்ந்து புகை கிளம்ப, முன்பக்கம் குனிந்து, கிறீச்சென்று நின்றது. டிரைவர் கதவைத் திறந்து குதித்து, பம்பருக்கு முன்னால் குனிந்து பார்த்தான்.

"எதுக்குடி இப்படிக் கத்தறீங்க?" என்றது தெய்வானையின் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "தாண்டிட்டன் போங்க." பிறகு காலனிக்குள் நடந்து போனது, ரசத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனது, தண்ணீர்த் தொட்டிக்கு அப்புறம் கேட்கவில்லை.

பூங்கோதை ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமாகச் சொன்ன ஆறுதலை இனிமேல் சொல்ல முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. வர்ஷா குரல் போன பக்கம் ஓடவில்லை. லாரியின் பம்பரையும், அதற்கு முன்னால் ரோட்டில் காலியாகக் கிடந்த இடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓர் ஆள் அடிபடாமல் தாராளமாக நிற்கக்கூடிய இடம்.

"சித்தி, லாரி நின்னுருச்சு," என்றாள்.

சுபத்ரா அவள் கையை விடவில்லை.

"ஆமாங் கண்ணு," என்றாள். "நின்னுருச்சு."